பசுமை வளாகம்: கடற்கரைக் கல்லூரிகளிலிருந்து வந்த கேள்விகள்

ராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு கல்லூரி வளாகத்தின் தண்ணீர், கரண்ட், கட்டடப் பராமரிப்பை 18 வருடம் பார்த்தவன் நான். பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் நடப்பது எப்படி என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பசுமைக் குழுவின் முதல் திட்டம் ஆயிரம் மரக்கன்று நடுவது. ஜூன் 5 அன்று விழா. சரிதானே சார்? – பேராசிரியை, தொண்டி

நடுங்கள் மேடம், ஆனால் ஜூனில் வேண்டாம். நாங்களும் ஒரு வருடம் அப்படித்தான் நட்டோம். கச்சான் காற்றும் வெயிலும் சேர்ந்து ஆவணிக்குள் முக்கால்வாசிக் கன்றைக் கருக்கிவிட்டன. மிச்சத்தைக் காப்பாற்ற டேங்கர் லாரியில் தண்ணீர் வாங்கி ஊற்றினோம். குடிக்கவே தண்ணீர் வாங்குகிற ஊரில் அது எனக்கு இன்றும் மனசு ஆறாத விஷயம். விழாவை ஐப்பசி முதல் மழைக்குத் தள்ளி வையுங்கள். பூவரசு, புன்னை, வேம்பு எல்லாம் உப்புக் காற்றைத் தாங்கும். வேலி ஓரம் முழுக்கப் பனங்கொட்டை போடுங்கள். மழையில் ஊன்றிவிட்டால் அப்புறம் அது தண்ணீரே கேட்காது.

விடுதி போர்வெல் தண்ணீர் உப்பாகிவிட்டது. இன்னும் நூறு அடி ஆழப்படுத்தலாமா? – விடுதிக் காப்பாளர், உச்சிப்புளி

தயவுசெய்து வேண்டாம் ஐயா. நம் கரையில் ஆழமாகப் போகப் போக உப்புதான் கிடைக்கும்.

மணலுக்குள் இறங்கும் மழைநீர் லேசானது. அதனால் அடியில் இருக்கும் உப்புநீர் மேல் மிதந்துகொண்டிருக்கும். கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை உப்பை அழுத்தி வைத்திருக்கும். அந்த ஒரு அடியை மோட்டார் போட்டு இறைத்துவிட்டால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வரப் பார்க்கும். நம் ஊர்ப் பெண்கள் மணலில் ஆழமில்லாத ஊற்று தோண்டி, கொட்டாங்கச்சியால் மெல்ல மெல்ல அள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். ஊற வேண்டிய நேரம் கொடுத்து அள்ளுகிறார்கள், அதனால்தான் அது இனிக்கிறது. உங்கள் விடுதிக்கும் அதே முறைதான். ஒரே போரில் பெரிய மோட்டார் ஓட்டாமல், ஆழமில்லாத கிணறு மூன்று நான்கு தோண்டி, சின்ன மோட்டாரை இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.

அடுத்து மொட்டைமாடி. நம் மாவட்டத்தில் வருடத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டிவிடும். பத்தாயிரம் சதுர அடி மாடியில், சிந்திச் சிதறியது போகவே கிட்டத்தட்ட 6 லட்சம் லிட்டர் பிடிக்கலாம். 12,000 லிட்டர் லாரிக்கு அது 50 லோடு. தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். குழாய் எல்லாக் கட்டடத்திலும் இருக்கும். ஆனால் அது எங்கே போய் முடிகிறது என்று ஒரு நாள் நடந்து போய்ப் பாருங்கள். எங்கள் வளாகத்தில் இரண்டு குழாய் நேராகச் சாக்கடையில் முடிந்தது. முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்ததைச் சம்பில் (தரைக்கடித் தொட்டி) பிடியுங்கள். சம்பு நிரம்பினால் மிச்சத்தைக் கிணற்றடி மணலுக்குள் இறக்குங்கள். வளாகத்துக்குள் பழைய ஊருணி இருந்தால் அதற்கு மழைநீர் வரும் வரத்துக்கால் மேல் கட்டடம் எழும்ப விடாதீர்கள்.

ஆர்.ஓ. மெஷின் கழிவுத் தண்ணீரை என்ன செய்வது? – அதே காப்பாளர்

கழிப்பறைக்கும் தரை கழுவவும் திருப்புங்கள். கிணற்றுப் பக்கம் மட்டும் விடாதீர்கள், உப்பு கூடிப்போகும்.

உப்புக் காற்றில் சோலார் தாங்குமா? – மின்னியல் துறை ஆசிரியர், கீழக்கரை

தாங்கும் சார். நம் மாவட்டத்தில் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் 2016-லிருந்து ஓடுகிறது. ஆனால் அது உள்நாடு, உங்களுடையது கடற்கரை. உப்புப் பனிச் சோதனை (ஐ.இ.சி. 61701) தேறிய பேனலாகக் கேளுங்கள். தாங்கும் சட்டம் துத்தநாகப் பூச்சு போட்டதாகவும், போல்ட் எவர்சில்வராகவும் இருக்கட்டும். பேனலை உப்புத் தண்ணீரில் கழுவவே கூடாது.

ஆனால் அதற்கு முன்னால் மின்விசிறியை மாற்றுங்கள். பழைய விசிறி 75 வாட், கரண்டைக் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. விசிறி 30 வாட். ஆயிரம் விசிறி தினம் பத்து மணி நேரம் ஓடினால் நாளைக்கு 450 யூனிட் மிச்சம். ஒரு கிலோவாட் சோலாருக்குச் சுமார் 100 சதுர அடி மாடி வேண்டும், நாளைக்கு நாலு யூனிட் தரும். அதே 450 யூனிட்டுக்குப் பதினோராயிரம் சதுர அடிக்கு மேல் பேனல் போட வேண்டியிருக்கும்.

மெஸ்ஸில் மிஞ்சும் சோறு? – மாணவர் பிரதிநிதி, ராமநாதபுரம்

முதலில் தினம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று எடை போட்டு, மெஸ் வாசலில் எழுதிப் போடுங்கள். எங்களிடம் அதற்கே பாதியாகக் குறைந்தது. மிச்சத்தைப் போட்டு கேஸ் எடுக்க ஒரு சாண எரிவாயுக் கலன் போதும்.

ஒவ்வொரு வருடமும் கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்குகிறோம். பலன் உண்டா அண்ணே? – என்.எஸ்.எஸ். மாணவி, மண்டபம்

உண்டு தங்கச்சி. அரியமான் கடற்கரையில் நீ பொறுக்குகிற ஒவ்வொரு பையும் ஒரு ஆமை விழுங்காமல் தப்பிய பை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. அங்கே கடற்பசு மேய்கிற கடற்புல் நம் கரையைத் தொட்டே வளர்கிறது. ஆனால் இந்த வருடம் பொறுக்கியதை வகை பிரித்து எண்ணுங்கள். வலைத்துண்டு எத்தனை, டீ கப் எத்தனை? அப்புறம் மழைக்கு முன்னால் உங்கள் கல்லூரி வாய்க்காலில் கிடப்பதையும் எண்ணுங்கள். இரண்டு பட்டியலும் ஒத்துப்போனால், பொறுக்க வேண்டிய இடம் கேன்டீன் வாசல். ஒருமுறை தூக்கிப் போடும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது, அதைச் சொல்லியே கேன்டீனில் கேட்கலாம். விழாவில் பலகாரம் கொடுக்கப் பனையோலையில் முடைந்த ஓலைக்கொட்டான் வாங்குங்கள், முடைகிறவர்களுக்கும் வருமானம்.

நாங்கள் வேதியியல் மாணவர்கள். கையில் காசில்லை. எங்களால் என்ன செய்ய முடியும்? – இளங்கலை மாணவர், தேவிபட்டினம்

உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான், தம்பி. ஆய்வகத்திலேயே இருக்கலாம். வளாகத்தின் ஒவ்வொரு கிணற்றையும் போரையும் மாதம் ஒருமுறை அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை. எந்தக் கிணறு ஏறிக்கொண்டே போகிறதோ அதன் மோட்டாரை நிறுத்தச் சொல்லி அந்தத் தாளோடு முதல்வரிடம் போங்கள். மோட்டார் ஓட்டுகிற அண்ணனையும் கூட்டிப் போங்கள், எது எப்போது கரித்தது என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். முதல் அளவை ஐப்பசி மழைக்கு முன்னால் எடுத்துவிடுங்கள்.