பாலிலேயே வயிறு நிறைந்தால் சாதம் எங்கே இறங்கும்?

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. எடை 14.8 கிலோ, உயரம் 102 செ.மீ. போன வாரம் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.6 என்று வந்தது. சாதத் தட்டைப் பார்த்தாலே ஓடுகிறான். கட்டாயப்படுத்தினால் குமட்டி வாந்தி எடுக்கிறான். மாமியார் போனில் கார்ட்டூன் போட்டுக் காட்டித்தான் நாலு வாய் ஊட்டுகிறார். காலையும் மாலையும் சத்துப் பவுடர் கலந்து ஒரு டம்ளர் பால் குடிப்பான். ராத்திரி தூங்கும்போது பாட்டிலில் பால் வேண்டும். பிஸ்கட், நூடுல்ஸ் என்றால் மறுப்பே இல்லை. நானும் கணவரும் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். வீடு வந்து சேர ஏழு மணி ஆகிவிடும். அவனுக்குத் தனியாக, எங்களுக்குத் தனியாகச் சமைக்கத் தெம்பில்லை. பசி எடுக்க நல்ல டானிக் இருந்தால் சொல்லுங்கள். சீக்கிரம் செய்யக்கூடிய, குழந்தை விரும்பிச் சாப்பிடும் சாப்பாடு என்னென்ன?
வாசகி, திருப்பூர்

பதில்: எடையைப் பற்றிய கவலையை முதலில் இறக்கி வையுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி நாலரை வயதுப் பையனின் நடுத்தர எடை 17 கிலோவை ஒட்டி இருக்கும். 13.4 கிலோவுக்குக் கீழே போனால்தான் எடைக்குறைவு என்போம். உங்கள் மகன் கொஞ்சம் ஒல்லி, அவ்வளவுதான். பிறந்தபோது 3 கிலோ இருக்கும் குழந்தை முதல் பிறந்தநாளுக்குள் 9 கிலோ ஆகிவிடும். அதற்கப்புறம் பள்ளிக்குப் போகும் வயது வரை ஆண்டுக்கு 2 கிலோ கூடினாலே சரி. வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறையத்தான் செய்யும். "முன்னே நல்லாச் சாப்பிட்டான், இப்போ சாப்பிடறதே இல்லை" என்று சொல்லாத அம்மாக்கள் குறைவு.

கவனிக்க வேண்டியது அந்த 9.6. இந்த வயதில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. உங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற விஷயமில்லை இது. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வில், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை இருந்தது. இரும்புச்சத்து குறைந்தால் பசி மந்தமாகும். பசி இல்லாததால் பிள்ளை சாப்பிடாது, சாப்பிடாததால் இரும்புச்சத்து இன்னும் குறையும்.

இந்தச் சுற்று எங்கே தொடங்கியது என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. காலை 200, மாலை 200, ராத்திரி பாட்டிலில் 250 என்று வைத்தாலும் 650 மில்லி பால். அதில் சர்க்கரையும் பவுடரும் சேர்ந்தால் ஏறத்தாழ 550 கலோரி. ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் ஒன்று 200 கலோரிக்கு மேல். இந்த வயதுக் குழந்தைக்கு நாள் முழுக்கத் தேவைப்படுவது 1,360 கலோரி. பாதிக்கு மேல் பாலிலும் பிஸ்கட்டிலுமே போய்விட்டது; அப்புறம் அவன் எதற்குச் சாதம் கேட்கப்போகிறான்? பாலில் கால்சியம் நிறைய உண்டு, இரும்பு அநேகமாக இல்லை. போதாததற்கு, கூடவே சாப்பிடும் உணவில் இருக்கிற இரும்பையும் உடல் எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும். நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கிற குழந்தைகளிடம் ரத்தசோகையை எதிர்பார்த்தே நாங்கள் பரிசோதிப்போம்.

ஆகவே மருந்துச் சீட்டில் முதல் வரி: ராத்திரி பாட்டிலை நிறுத்துங்கள். பல்லும் சொத்தையாகாமல் தப்பிக்கும். மூன்று நாள் அழுவான், அழட்டும், தண்ணீர் கொடுங்கள். பகலில் எல்லாம் சேர்த்து 300, 350 மில்லி பால் போதும், அதையும் டம்ளரில், சாப்பாட்டு நேரத்துக்குத் தள்ளி. சத்துப் பவுடர் வேண்டாம். அவற்றில் பலவற்றில் சர்க்கரைதான் மிகுதி. இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பட்டியலில் வைத்து விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொல்லிவிட்டது. புரதம் குறைந்துவிடுமோ என்று பயப்படாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கில் இவனுக்கு நாளைக்கு 16 கிராம் புரதம் போதும். ஒரு முட்டையில் 6, ஒரு டம்ளர் பாலில் 6, மீதி பருப்பிலும் இட்லியிலும் வந்துவிடும்.

டானிக் கேட்டிருந்தீர்கள். பசி டானிக் என்று கடைகளில் கிடைக்கும் பலவற்றில் இருப்பது சைப்ரோஹெப்டடின். அது அலர்ஜிக்கான மருந்து. பசி கூடுவதும் தூக்கம் வருவதும் அதன் பக்கவிளைவுகள். குடிக்கிற வரைக்கும் சாப்பிடுவான், நிறுத்தினால் பழைய கதைதான். வேண்டாம்.

இனி சமையல். அவனுக்குத் தனிச் சமையல் செய்யாதீர்கள் என்பதே என் கருத்து. உங்கள் நேரத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பெரியவர்கள் தட்டில் இருப்பதே தன் தட்டிலும் இருந்தால்தான் பிள்ளை அதைச் 'சாப்பாடு' என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் ஊர்ப்பக்கத்து அரிசிம்பருப்பு சாதம் இருக்கும்போது வேறெங்கும் தேடவே வேண்டாம். அரிசி ஒரு டம்ளர், துவரம்பருப்பு கால் டம்ளருக்குச் சற்றுக் கூடுதல், தண்ணீர் மூன்றரை டம்ளர். குக்கரிலேயே எண்ணெய் காயவைத்துக் கடுகு, சீரகம், சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, மஞ்சள்தூள், உப்பு போட்டு, ஊறிய அரிசி பருப்பைச் சேர்த்து மூன்று விசில். காய்ந்த மிளகாயைக் கிள்ளாமல் முழுசாகப் போட்டால் எடுத்து ஓரம் வைத்துவிடலாம். ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கித் தக்காளியோடு வதக்கிவிடுங்கள். பரிமாறும்போது நெய் ஒரு ஸ்பூன், எலுமிச்சை நாலு சொட்டு. இந்த எலுமிச்சை ருசிக்கு மட்டுமல்ல. அதிலுள்ள வைட்டமின் சி கீரை, பருப்பின் இரும்பை உடலில் ஏற்றும். உங்களுக்கு உறைப்பு போதாவிட்டால் ஊறுகாய் தொட்டுக்கொள்ளுங்கள். ஏழே காலுக்கு அடுப்பில் வைத்தால் எட்டு மணிக்கு மூன்று பேரும் மாமியாருமாக உட்கார்ந்து சாப்பிடலாம். மறுநாள் இதே மாதிரி பச்சைப்பயறு கடையலும் சுடுசாதமும்.

கையில் எடுத்துத் தின்கிற பண்டம் என்றால் குழந்தைகளுக்குத் தனிக் குஷி. தோசை மாவு புளித்துப் போனால் குழிப்பணியாரம் ஊற்றுங்கள். மாவில் கேழ்வரகு மாவு இரண்டு கரண்டி, துருவிய கேரட், பொடி வெங்காயம், கறிவேப்பிலை. வேண்டுமானால் ஒரு முட்டையும் உடைத்து ஊற்றி அடித்துக்கொள்ளலாம். பணியாரக் குழிக்குள் மாவு விடுவது நீங்கள், மாவைக் கலக்குவது அவன். தான் கலக்கிய மாவு என்பதற்காகவே இரண்டு கூடுதலாகத் தின்பான். அடையும் அப்படித்தான்: ஞாயிற்றுக்கிழமை அரைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் செவ்வாய் வரை வரும். சின்னச் சின்னதாக, உள்ளங்கை அகலத்துக்கு ஊற்றுங்கள். பெரிய அடையைப் பிய்த்து வைத்தால் மலைத்துப் போகிற பிள்ளை, குட்டி அடை மூன்றைக் கேட்டு வாங்கித் தின்னும்.

அசைவம் உண்டு என்றால் வேலை இன்னும் சுலபம். கறி, ஈரலில் உள்ள இரும்பு கீரையில் இருப்பதைவிட எளிதாக உடலில் சேரும். வாரம் ஒருமுறை கோழி ஈரல் வாங்கி, சின்ன வெங்காயத்தோடு மிளகு போட்டு நன்றாக வேகும்வரை வறுத்து இட்லிக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுங்கள். விலையும் குறைவு. அவனுக்கு இரண்டு சின்னத் துண்டு போதும், அதற்கு மேல் வேண்டாம். வைட்டமின் ஏ மிகுதி என்பதால் ஈரலை அளவோடுதான் கொடுக்க வேண்டும்.

ரத்தம் ஊற வேண்டுமென்று பீட்ரூட் சாறு, வெல்லம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பீட்ரூட் சிவப்பாக இருக்கிறதே தவிர, 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. பிள்ளைக்குத் தேவை நாளைக்கு 11 மில்லிகிராம். பொரியலாகக் கொடுங்கள், காய் என்ற மட்டில் நல்லது. ரத்தத்துக்கு மருந்து என்று நம்பிக் கொடுக்க வேண்டாம்.

மாலை நாலரை மணிப் பிஸ்கட்டின் இடத்தில் சுண்டல் வைக்கச் சொல்லி மாமியாரிடம் பேசுங்கள். கொண்டைக்கடலையைக் காலையிலேயே ஊறப்போட்டுவிட்டுப் போனால் அவர் வேகவைத்துத் தேங்காய் போட்டுத் தாளித்துவிடுவார். பையனுக்குக் கொஞ்சம் மசித்துக் கொடுப்பது நல்லது. வேர்க்கடலையை ஐந்து வயது வரை முழுசாகக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளும். பொடித்து உருண்டை பிடித்துக் கொடுக்கலாம். கொய்யா கிடைக்கும் நாளில் கொய்யா.

நூடுல்ஸை ஒரேயடியாகத் தடை செய்தால் அதன் மேல் ஆசைதான் கூடும். வாரம் ஒரு நாள் என்று சொல்லிவிடுங்கள். பாக்கெட்டில் உள்ள மசாலாவில் உப்பு மிக அதிகம், அதனால் பாதி போட்டால் போதும். பட்டாணி, பீன்ஸ், ஒரு முட்டை சேர்த்துக் கிளறுங்கள். மற்ற நாளில் அதே வாகில் சேமியா கிச்சடி.

ஊட்டும் விஷயத்தில் மாமியார் மனம் நோகாமல் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. போனைப் பார்த்துக்கொண்டு விழுங்குகிற பிள்ளைக்குத் தன் வயிறு நிறைந்ததா, பசிக்கிறதா என்றே தெரியாது. என்ன சமைப்பது, எப்போது பரிமாறுவது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பதை அவன் முடிவு செய்யட்டும். இருபத்தைந்து நிமிஷம் ஆனதும் தட்டை எடுத்துவிடுங்கள், திட்டாமல். அடுத்த வேளை வரை தண்ணீர் தவிர எதுவும் கிடையாது. இதில் பாட்டி பின்வாசல் வழியாகப் பிஸ்கட் கொடுத்தால் எல்லாம் வீண். (கொடுப்பார். முதல் வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.) புதுக் காய் ஒன்றை இரண்டு தடவை துப்பிவிட்டான் என்று கைவிடாதீர்கள்; பத்து, பதினைந்து தடவை கண்ணில் பட்ட பிறகே பல குழந்தைகள் வாயில் வைக்கும். வீட்டில் உப்புமாவைத் தொடாத பிள்ளை, அரசுப் பள்ளியின் காலை உணவுத் திட்டத்தில் மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து அதையே வழித்துச் சாப்பிடுவதாகத் தாய்மார்கள் என்னிடம் சொல்வதுண்டு. பந்தியில் உட்கார்ந்தால் பசி வரும்.

ஆனால் 9.6-ஐச் சாப்பாடு மட்டும் சரிசெய்யாது. இரும்புச்சத்து சிரப் தேவைப்படும். அளவை எடையைப் பார்த்து உங்கள் குழந்தை மருத்துவர் சொல்வார். பாலோடு கொடுக்காதீர்கள், எலுமிச்சைச் சாறோடு கொடுக்கலாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். சிரப் பாட்டிலைப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். மொத்தமாகக் குடித்துவிட்டால் இரும்பு உயிருக்கே ஆபத்து. கடந்த ஆறு மாதத்தில் பூச்சி மாத்திரை கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் அல்பெண்டசோல் 400 மி.கி. ஒன்று, அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள்.

ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பாருங்கள். ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறியிருந்தால், அளவு சரியான பிறகும் இரண்டு மூன்று மாதம் சிரப்பைத் தொடர வேண்டும். பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஒழுங்காகக் கொடுத்தும் ஏறவில்லை என்றால் தலசீமியா போன்ற பரம்பரைக் காரணம் இருக்கிறதா என்று வேறொரு பரிசோதனை தேவைப்படும். மருத்துவரிடம் போகும்போது இவற்றையும் மறக்காமல் சொல்லுங்கள்: மண், சுண்ணாம்பு, பச்சரிசி ஏதும் தின்கிறானா, வயிற்றுப்போக்கு அடிக்கடி வருகிறதா, விழுங்கும்போது வலிக்கிறது என்கிறானா, கடந்த ஆறு மாதத்தில் எடை கூடவே இல்லையா. இவற்றில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் ஒரு மாதம் காத்திருக்காமல் இந்த வாரமே காட்டிவிடுங்கள்.