விரதம் வேறு, பசி இல்லாதது வேறு

கேள்வி: எனக்கு வயது 29. தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வர்த்தில் அம்மாவோடு இருக்கிறேன். பள்ளி நாளிலிருந்தே யார் மேலும் எனக்கு உடல் ஆசை வந்ததில்லை. இதை ஏசெக்ஷுவல் என்கிறார்கள். சொன்னால் அம்மா “டாக்டரைப் பார்” என்கிறார். அத்தையோ “சாமியாராகப் போறியா?” என்று கேட்கிறார். புரட்டாசி முடிந்ததும் இதே டர்பனில் உள்ள ஃபீனிக்ஸிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: அன்புத் தங்கைக்கு,

அத்தையிலிருந்தே தொடங்குவோம். புரட்டாசியில் அவர் கறி தொடமாட்டார் இல்லையா? பக்கத்து வீட்டு மட்டன் பிரியாணி மணக்கும்போது நாக்கில் எச்சில் ஊறும், அடக்கிக்கொள்வார். அது விரதம். பிறந்ததிலிருந்து கறியே பிடிக்காத ஒருவர் அதே மாதம் பருப்புச் சோறு சாப்பிட்டால், அவர் எதையும் அடக்கவில்லை. சாமியார் முதல் வகை, நீங்கள் இரண்டாவது. இதை அப்படியே சொல்லுங்கள், அத்தைக்குப் புரியும்.

அம்மாவின் பயம் வேறு. இருந்த ஆசை திடீரென்று குறைந்தால் மருந்தா, தைராய்டா, மன அழுத்தமா என்று டாக்டரிடம் கேட்பது சரி. உங்களுக்கு எப்போதுமே இப்படித்தான். தன்னை ஏசெக்ஷுவல் என்று உணர்பவருக்கு ஆசைக் குறைவு நோய் என்று பெயர் வைக்கக் கூடாது என்று, 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடே சொல்கிறது. பிரிட்டனில் 18,000 பேருக்கு மேல் சொன்ன பதில்களை அந்தோணி போகார்ட் என்ற கனடா ஆய்வாளர் அலசி 2004இல் வெளியிட்டார். ஏறக்குறைய நூற்றில் ஒருவர், யார் மேலும் ஈர்ப்பு வந்ததில்லை என்று சொல்லியிருந்தார். ஒரு கல்யாண மண்டபத்தில் 500 பேர் இருந்தால் அதில் ஐந்து பேர். அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் நோய் பற்றிய கவலைக்கு அடியில், “எனக்குப் பிறகு இவளுக்கு யார்?” என்ற கேள்விதான் அம்மாவைத் தூங்கவிடாமல் செய்யும் என்று நினைக்கிறேன். அதற்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது. கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றுமே இல்லை. ஏசெக்ஷுவலாக இருப்பவர்களில் காதலிப்பவர்கள் உண்டு, கல்யாணம் செய்தவர்கள் உண்டு, தனியாக நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. உங்களுக்கு எது வேண்டும்? பேச, சேர்ந்து கடற்கரைக்குப் போக ஒரு துணை வேண்டுமா, அதுவும் வேண்டாமா? முதலில் உங்களுக்கே அது தெளிவாகட்டும்.

கல்யாணமே வேண்டாமென்றால், அந்தக் குடும்பம் கிளம்புவதற்கு முன்பே அம்மாவிடம் சொல்லி நிறுத்துங்கள். துணை வேண்டுமென்றால், அந்தப் பையனிடம் தனியாக, பேச்சு முடிவாவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். மறைத்துக் கட்டிக்கொள்வது அவருக்கும் அநியாயம், உங்களுக்கும் அநியாயம். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

காவடிக் கூட்டத்தில் “எப்போ கல்யாணம்?” என்று கேட்கும் ஆன்ட்டிகளுக்கு இவ்வளவு விளக்கம் வேண்டாம். “எனக்கு இஷ்டமில்லை ஆன்ட்டி” போதும்.

அம்மா முதல் தடவையே தலையாட்டமாட்டார். அழலாம். அப்போது எழுந்து போய்விடாதீர்கள், பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.