நன்னீர் மீன் ஆராய்ச்சிக்கு ஸ்கூபா தன்னார்வலராகப் போவதால் உண்மையில் பயன் உண்டா?

ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலை ஸ்கூபா (காற்றுத்தொட்டியோடு முக்குளிக்கும்) சான்றிதழ் வாங்கிவிட்டதாகவும், கடலுக்குப் போகாமல் ஏரி, ஆற்று மீன்களுக்காக ஏதாவது செய்ய ஆசை என்றும், "விஞ்ஞானிகளுக்கு நீ தொந்தரவாகத்தான் இருப்பாய்" என்று நண்பர்கள் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் "தொந்தரவு" என்ற சொல்லை நானும் நிறையக் கேட்டவன். அதனால்தான் இந்தப் பதில்.

பயன் உண்டு. ஆனால் அரிய மீனை நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்பதற்காக யாரும் உங்களைக் கூப்பிடுவதில்லை. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், ஒரே மாதிரி எண்ணி, ஒன்றுமே தென்படாத நாளிலும் அதை அப்படியே எழுதித் தருகிற ஆள் அவர்களுக்கு வேண்டும். அப்படிப்பட்டவர்கள்தான் கிடைப்பதில்லை.

நான் சேர்ந்த குழு ஓர் ஏரியில் வேலை செய்தது. அடியில் அளவுநாடாவை விரித்து, இருவர் அதன் இரு பக்கமும் மெல்ல நீந்தி, கைக்கெட்டும் அகலத்துக்குள் தெரிகிற மீனை மட்டும் ஸ்லேட்டில் பென்சிலால் குறிக்க வேண்டும். தண்ணீர் தேநீர் நிறம். காலைச் சற்றுக் கீழே உதைத்தால் வண்டல் கிளம்பும். அப்புறம் நாடாவே தெரியாது. முழங்காலை மடக்கித் தவளை மாதிரி உதைக்கப் பழகிய பிறகுதான் எங்களை இறக்கினார்கள். இறங்கும் முன் குழுத்தலைவி சொன்னது: "மீன் இல்லேன்னா கோடு போடாதீங்க, சைபர் போடுங்க. கோடு போட்டா நீங்க தேடவே இல்லேன்னு அர்த்தமாயிடும்."

நாங்கள் தேடிப் போனது அந்த ஏரிக்கே உரிய ஒரு சிறு கெண்டை. கண்ணில் பட்டதெல்லாம் ஜிலேபி மீனின் குழிகள். மணலில் தட்டு அளவுக்கு வட்டமாக, விளிம்பு உயர்ந்து, ஒன்றை ஒட்டி ஒன்றாக. ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஆண் மீன். உடம்பெல்லாம் கறுத்து, தொண்டை மட்டும் வெளுத்து, பக்கத்துக் குழிக்காரனை வாயால் முட்டித் தள்ளியது. பெண் வந்து முட்டையிட்டு, அதை வாயில் அள்ளிக்கொண்டு போய்விடும். நான் கெண்டைக்கான கட்டத்தில் சைபர் எழுதினேன். அடுத்த பருவத்திலும் சைபர்தான். அந்தச் சைபர்களை வைத்துத்தான் தேடலை ஏரியில் வந்து விழும் ஓடையின் கல்பரப்புக்கு மாற்றினார்கள். கெண்டை அங்கே இருந்தது. அதை நான் பார்க்கவில்லை, வேறு ஒருவர் பார்த்தார். எனக்கு அதில் குறையே இல்லை.

சீனாவின் யாங்சி ஆற்றுத் துடுப்புமூக்கு மீனை நினைத்துப் பாருங்கள். மனிதனைவிடப் பெரிதாக வளர்ந்த மீன். கடைசியாக உறுதியாக உயிரோடு பார்த்தது 2003இல். அழிந்துவிட்டது என்று ஐயுசிஎன் (உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு) அறிவித்தது 2022இல். மாறாக அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் டெவில்ஸ் ஹோல் என்ற ஒரே ஒரு வெந்நீர்ச் சுனையில் வாழும் பப்ஃபிஷ் என்ற சிறு மீனை 1970களிலிருந்து எண்ணி வருகிறார்கள். டைவர்கள் ஆழத்தில் எண்ணும்போதே மேலே மேடையில் இருப்பவர்கள் ஆழமில்லாத பாறைத் திட்டில் எண்ணுவார்கள். 2013இல் 35 மீன்தான். அது தெரிந்ததால்தான் காப்பாற்ற ஓடினார்கள். (அங்கே பயிற்சி பெற்ற துறை ஆட்களுக்கே அனுமதி, நாம் கேட்டால் கிடைக்காது.)

"வலை போட்டால் போதாதா, டிஎன்ஏ சோதனை வந்துவிட்டதே" என்று யாராவது வருவார்கள், தெரியும். செவுள் வலை எண்ணுவதற்குள் மீனைக் கொன்றுவிடும். மிச்சமிருப்பதே கொஞ்சம் என்றால் அது கட்டுப்படியாகாது. தண்ணீரிலுள்ள டிஎன்ஏ இந்த இனம் இங்கே உண்டு என்று காட்டும். குஞ்சா பெரியதா, கூடு காக்கிறதா என்று காட்டாது. ஆழமில்லாத ஓடைக்கு ஸ்நார்க்கெல் (மூச்சுக்குழாய்) போதும், ஒப்புக்கொள்கிறேன். நான் விஞ்ஞானி இல்லை. எண்ணியவன் என்ற முறையில்தான் சொல்கிறேன்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குழுத் தோழி எடுத்த படம் ஒரு கையேட்டின் அட்டையில் வந்தது. பெயர் போடவில்லை. கேட்டதற்கு, "நீங்க தன்னார்வலர்தானே?" என்று பதில். சம்பளம் வேண்டாம் என்றுதான் வந்தோம், பெயர் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இன்றைக்கும் அது ஆறவில்லை.

சேர்வதென்றால், கடலில் கட்டிய எடையில் சில கிலோ குறையுங்கள். நன்னீரில் மிதப்பு குறைவு. மலை ஏரி என்றால் உயரமான இடத்தில் முக்குளிப்பதற்கான அட்டவணையைப் படிக்காமல் இறங்காதீர்கள். அணை மதகுப் பக்கம் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள், உறிஞ்சுவிசை ஆளை விடாது. ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் எல்லாவற்றையும் கழுவி, பிசிடிக்குள் (மிதப்பைச் சரிசெய்யும் காற்றுச் சட்டை) தேங்கிய தண்ணீரையும் வடித்து, முழுக்கக் காயவையுங்கள். புது நீர்நிலைகளில் புகுந்து பரவிவிடும் வரிக்குதிரைச் சிப்பியின் குஞ்சு கண்ணுக்கே தெரியாது. உங்கள் உடுப்பிலேயே பயணம் செய்யும்.

குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது போன வருடத்துப் பதிவுத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். அதில் சைபர்கள் இருந்தால் தாராளமாகச் சேருங்கள்.