பிள்ளைகளுக்கு ராஜா மகுடம்: கேள்வி பதில்

பள்ளி நாடகங்களுக்குத் தலையணி செய்து பல வருடம் ஆகிறது. வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மகனுக்கு ராஜராஜ சோழன் வேடம். தங்கக் காகிதத்தை முக்கோணம் முக்கோணமாக வெட்டி வளையமாக ஒட்டினால் போதாதா?

ஒட்டலாம், ஆனால் பையன் சீட்டுக்கட்டு ராஜாவாகிவிடுவான். அந்தப் பல்வரிசை ஐரோப்பியப் பாணி. நம் சோழர் காலச் செப்புத் திருமேனிகளில், பெருமாள் தலையில் இருப்பதைப் பாருங்கள். உயரமாக, மேலே போகப் போகக் குறுகி நிற்கும். அதுதான் கிரீட மகுடம்.

புருவத்துக்குச் சற்று மேலே தலையைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். 52 செ.மீ. வந்தால், 55 செ.மீ. நீளம், 25 செ.மீ. உயரத்துக்குச் சார்ட் அட்டை வெட்டுங்கள். மேல் ஓரத்தில் ஆறு இடத்தில் 12 செ.மீ. ஆழம் கத்தரித்து, ஒவ்வொரு வெட்டையும் 2 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டினால் மேல்பக்கம் தானாகக் குறுகும். அப்புறம் வளைத்து ஒட்டி, கவிழ்த்த பாத்திரத்தின் மேல் வையுங்கள். சணல் கயிற்றைப் பசையில் தோய்த்துக் கோலம் போல ஒட்டுங்கள்; நடுநடுவே துவரம்பருப்பு, பட்டாணி. ஒரு ராத்திரி காயட்டும். தங்கப் பெயின்ட் கடைசியில்தான். முதலிலேயே அடித்துவிட்டுப் பருப்பை ஒட்டினால் பருப்பு பருப்பாகவே தெரியும்!

நேரமே இல்லையா? தஞ்சைப் பெரிய கோயில் ஓவியத்தில் ராஜராஜன் என்று சொல்லப்படும் உருவத்துக்கு மகுடமே கிடையாது, கொண்டைதான். கறுப்புக் கம்பளி நூலில் ஒரு கொண்டை போட்டு அனுப்புங்கள். யாராவது கேட்டால் ஓவியத்தைக் காட்டுங்கள்.

ராணிக்கும் அதே மகுடமா?

அம்மன் சிலைகளில் வருகிற கரண்ட மகுடம் செய்யுங்கள். கவிழ்த்த பானைகளைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கின மாதிரி இருக்கும். பேப்பர் கிண்ணங்கள் மூன்று நான்கு அளவில் கிடைத்தால் வேலை முடிந்தது.

வகுப்பில் மூன்று பேர் சேர, சோழ, பாண்டியர். மூன்று மகுடமும் ஒரே மாதிரி இருக்கிறது, யார் யாரென்று தெரியவில்லை.

மகுடத்தை விடுங்கள், பூவைப் பிடியுங்கள். சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. தொல்காப்பியமே சொல்லும் அடையாளம் இது. வேப்பம்பூவுக்கு வெள்ளைக் கிரேப் காகிதத்தில் சின்னச் சின்னதாக ஐந்து இதழ் வெட்டிக் கொத்தாகக் கட்டுங்கள். ஆத்திக்கு வெளிர் மஞ்சள். பனம்பூவுக்குப் பழுப்புக் காகிதத்தை விரல் தடிமனுக்கு உருட்டினால் சரி.

ராஜாவுக்குப் பூ வைத்தால் ஏழ்மையாகத் தெரியுமோ என்று பயப்படாதீர்கள். கங்கைகொண்ட சோழபுரச் சிற்பத்தில் சிவன் தன் அடியார் சண்டேசர் தலையில் சுற்றுவது பூமாலைதானே.

என் இரண்டு பிள்ளைகளுமே சோழராஜா ஆக வேண்டுமாம். ஒரே அடிதடி.

இரண்டு பேருக்கும் ஆத்தி மாலை போட்டுவிடுங்கள். சோழர்களான நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் மோதியபோது புலவர் கோவூர் கிழார் புறநானூற்றில் கேட்பது இதைத்தான்: இருவர் தலையிலும் ஆத்தி, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதானே? நாடகத்துக்குக் கதையும் கிடைத்துவிட்டது.

தஞ்சை மராத்திய ராஜா சரபோஜி வேடத்துக்குத் தலைப்பாகை கட்டினால் மேடை ஏறுவதற்குள் அவிழ்ந்துவிடுகிறது.

பிள்ளை தலையில் கட்டாதீர்கள். அட்டை வளையம் ஒன்று செய்து, பழைய துப்பட்டாவை முறுக்கி அதன்மேல் சுற்றி, பின்பக்கம் நாலு தையல் போடுங்கள். தொப்பி போல மாட்டிக்கொள்ளலாம். மராத்தியர் ஓவியங்களில் பாகையின்மேல் நகையும் இருக்கும். பழைய புரோச் ஒன்றைக் குத்துங்கள்.

ஒத்திகை முடிவதற்குள் குத்துகிறது என்று மகள் மகுடத்தைக் கழற்றி எறிகிறாள்.

ஸ்டேப்ளர் முனை உள்பக்கம் திரும்பியிருக்கும், பாருங்கள். முனை எப்போதும் வெளியே, அதன்மேல் டேப். நெற்றிப் பக்கம் ஒரு பனியன் துணிப் பட்டை ஒட்டினால் வியர்வையும் இழுக்கும். ஜிகினாத் தூள் மட்டும் வேண்டவே வேண்டாம், உதிர்ந்து கண்ணில் விழும்.