'பிரிமெச்சூர்லி' என்றதும் மேலாளர் ஏன் பதறினார்?

அறிக்கையைக் கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே முடித்துவிட்டு 'ஃபினிஷ்ட் பிரிமெச்சூர்லி' என்று எழுதினீர்கள்; மேலாளர் 'என்ன விட்டுப்போச்சு?' என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்டது நியாயம்தான். பிரிமெச்சூர் என்பது வெறும் சீக்கிரம் அல்ல, பிஞ்சிலேயே பறித்தது. குறைமாதக் குழந்தைக்கும் அவசர முடிவுக்கும் அதே சொல். உங்களுக்கு வேண்டியது 'டூ டேஸ் அஹெட் ஆஃப் ஷெட்யூல்'. 'டூ டேஸ் ஏர்லி' என்றாலும் போதும்.

அடுத்து நீங்கள் குழம்பும் ஜோடி. 9:10 ரயில் 9:10க்கே கிளம்பினால் அது 'ஆன் டைம்'. நீங்கள் 9:08க்கு ஓடிப்போய் ஏறிவிட்டால் 'இன் டைம்', அதாவது காரியம் கெடுவதற்குள். டிக்கெட்டை முதலிலேயே எடுத்து வைப்பது 'பிஃபோர்ஹேண்ட்'. நம் ஊர் 'பிஃபோர் இட்செல்ஃப்' 'முன்னாடியே'யின் அச்சு அசல் பெயர்ப்பு, வெளிநாட்டவரிடம் செல்லாது.

கூட்டத்தை முன்தேதிக்கு மாற்ற 'பிரிபோன்' இந்தியாவுக்குள் தாராளமாகச் சொல்லலாம். பிரிட்டனுக்கு 'பிரிங் ஃபார்வர்ட்', அமெரிக்காவுக்கு 'மூவ் அப்'. 'மூவ் ஃபார்வர்ட்' மட்டும் வேண்டாம்: புதன்கிழமைக் கூட்டத்தை இரண்டு நாள் அப்படி நகர்த்தினால் சிலர் திங்கள் என்பார்கள், சிலர் வெள்ளி என்பார்கள். புதுத் தேதியையும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.