கொடியில் காய்வதைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 42 வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால், 14 ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் வேலைக்குச் சேர்ந்து, புதுச்சேரியில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவுக்குத் தினமும் பேருந்தில் போய்வருகிறேன். பீரோவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட சேலைகளும் இருபது சுடிதார்களும் இருந்தும், காலையில் அதைத் திறந்து நின்றால் உடுத்த ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றுகிறது. கைப்பேசியில் பார்த்து வாங்கிய சேலைகள் என் மேல் வேறு மாதிரி தெரிகின்றன. கடைசியில் அதே நீலம், அதே சாம்பல் என்று நாலைந்தையே மாற்றி மாற்றி உடுத்துகிறேன். “அக்கா, உங்களுக்கு வேற கலரே கிடையாதா?” என்று உடன் வேலை செய்யும் பெண் கேட்டுவிட்டாள். எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா? எனக்கென்று ஒரு பாணியை எப்படிக் கண்டுபிடிப்பது? மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் இதற்கு என்னால் ஒதுக்க முடியாது.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

யாருக்கும் எதையும் கொடுத்துவிடாதீர்கள். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் வரையாவது பொறுத்திருங்கள். புதுச்சேரியில் 27 ஆண்டுகள் பெண்களுக்கான தையலகம் நடத்தியவள் நான். துணி போதவில்லை என்று வருந்தி என்னிடம் வந்தவர்கள் மிகக் குறைவு. வாங்கிய துணி உடுத்தும் நிலையில் இல்லாததால், அது இருப்பதையே மறந்துவிட்டு இன்னொன்றை வாங்கிக்கொண்டு வந்தவர்கள்தாம் அதிகம். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அவர்கள் பலருடைய முகங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

உங்கள் பாணி என்ன என்று தெரிந்துகொள்ளப் பீரோவைத் திறக்க வேண்டியதில்லை; மொட்டைமாடிக்குப் போய்க் கொடியைப் பாருங்கள். பீரோவில் இருப்பவற்றில் நீங்கள் ஆசைப்பட்டு வாங்கியவை உண்டு, தள்ளுபடிக்காக வாங்கியவை உண்டு, வளைகாப்புக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் உறவினர்கள் வைத்துக்கொடுத்தவையும் உண்டு. ஆனால் வாரா வாரம் துவைத்துக் கொடியில் காய்பவையோ, காலை அவசரத்தில் உங்கள் கை தானாகப் போய் எடுத்தவை. மூன்று வாரங்களுக்கு ஒரு வேலை செய்யுங்கள். அலுவலகத்துக்கு உடுத்திய ஒவ்வொன்றையும் கொடியில் போட்ட பிறகு, கிழித்த நாள்காட்டித் தாளின் பின்புறத்தில், அது என்ன துணி, என்ன நிறம், கரை எவ்வளவு அகலம், அன்று எத்தனை முறை அதை இழுத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது என்று ஓரிரு வரி எழுதி வையுங்கள். மாலையில் வீடு திரும்பும் வரை உடுத்தியிருப்பதே நினைவுக்கு வராத நாள் ஒன்றிரண்டாவது இருக்கும். அந்த நாள்களின் வரிகளுக்குக் கீழே கோடிடுங்கள். மெல்லிய பருத்தி, இரண்டு விரல் அகலக் கரை, பெரிய பூக்கள் இல்லாத சேலை உடல், கழுத்துக்கு அருகில் ஏறிய ரவிக்கை என்று ஏதோ ஓர் ஒற்றுமை அந்த வரிகளில் திரும்பத் திரும்ப வரும். அதைத்தான் பாணி என்கிறோம்; உங்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது.

நீலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 19ஆம் நூற்றாண்டில் அவுரிச் சாயம் தோய்த்த கருநீலத் துணி புதுச்சேரியிலிருந்து கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போனது. பிரெஞ்சுக்காரர்கள் கினே என்று அழைத்த அந்தத் துணி, அங்கே நடந்த பிசின் வணிகத்தில் பணத்துக்குப் பதிலாகவே செல்லுபடியானது. ஆகவே நீலம் சலித்துப்போகும் நிறம் என்று இந்த வட்டாரத்தில் யாரும் சொல்லக் கூடாது என்பது என் கட்சி. அந்தப் பெண்ணின் கண்ணுக்கு உங்கள் சேலைகள் ஒன்றுபோலத் தெரிவதற்கு நிறத்தைக் காட்டிலும் ரவிக்கைதான் காரணமாக இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். நாலு நீலச் சேலைக்கும் உடன் வந்த நாலு நீல ரவிக்கையைப் போட்டால், பார்ப்பவருக்கு ஒரே சேலையாகத்தான் தெரியும். அதே கருநீலத்துக்குக் கடுகு மஞ்சளில் ஒரு நாளும், செங்கல் நிறத்தில் ஒரு நாளும் ரவிக்கை போட்டுப் பாருங்கள். அவள் கேள்வியை மாற்றிக்கொள்வாள்.

ரவிக்கையைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கொடிக்கே வராத சேலைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டிலில் பரப்பி, ஒவ்வொன்றும் ஏன் வரவில்லை என்று கேட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் கிடைக்கும் பதில், ரவிக்கை பத்தவில்லை என்பதாகவே இருக்கும். 28 வயதில் எடுத்த அளவு 42 வயதில் பொருந்தாமல் போவதில் வியப்பில்லை. அந்த ரவிக்கையைத் திருப்பி, உள்பக்கம் விலாத் தையலைப் பாருங்கள். நல்ல தையற்காரர் தைத்ததாக இருந்தால், கால் அங்குல இடைவெளியில் இரண்டு அல்லது மூன்று தையல் வரிசைகள் ஓடும். அவற்றுக்கு அப்பால் பிசிறு வரை இன்னும் கொஞ்சம் துணி மடிந்து கிடக்கும். உள் வரிசை ஒன்றைப் பிரித்தால் முன்பாகத்தில் கால் அங்குலம், பின்பாகத்தில் கால் அங்குலம் என்று ஒரு விலாவில் அரை அங்குலமும், இரண்டு விலாவிலும் சேர்த்து ஓர் அங்குலமும் கிடைக்கும். இரண்டு வரிசை பிரித்தால் இரண்டு அங்குலம். வீட்டில் உட்கார்ந்து பிளேடால் பிரிக்கிற வேலைதான் இது. ஆனால் கைக்குழி இறுக்கினால் மட்டும் நீங்களே கை வைக்காமல் தையற்காரரிடம் கொடுங்கள். அங்கே தவறாகப் பிரித்தால் தோள் தொங்கிவிடும்.

பிரிக்கவே இடமில்லாத ரவிக்கைகளை விட்டுவிட்டு, பல சேலைகளுக்குப் பொதுவாக நிற்கும் ரவிக்கைகள் நான்கைத் தைத்துக்கொள்ளுங்கள். சந்தன நிறம், கறுப்பு, அரக்கு, பிறகு கட்டம் போட்டது ஒன்று என்பது என் தேர்வு. கட்டத்துக்கு உங்கள் மாவட்டத்திலேயே வழி இருக்கிறது. குறிஞ்சிப்பாடிக் கைத்தறிக் கைலி இரண்டு மீட்டர் இருக்கும். அதில் தாராளமாக இரண்டு ரவிக்கைகள் வரும். கைலியில் ரவிக்கையா என்று வீட்டில் யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அந்த நெசவின் நிறச் சேர்க்கையை ஒற்றை நிறச் சேலையோடு சேர்த்துப் பார்த்தபின் அவர்களே அடுத்த கைலியை எடுத்துக் கொடுப்பார்கள். தைக்கக் கொடுக்கும்போது பழைய அளவு ரவிக்கையை நீட்டாதீர்கள். உடம்பில் புதிதாக அளவு எடுக்கச் சொல்லி, பேருந்துக் கம்பியைப் பிடிப்பதுபோல் கையைத் தூக்கிக் காட்டி, அந்த நிலையில் இறுக்குகிறதா என்று பார்த்துத் தைக்கச் சொல்லுங்கள்.

மீதிச் சேலைகளில் சில, கீழ்க்கரையின் உள்பக்கம் வைத்துத் தைக்கும் துணிப்பட்டையான ஃபால்ஸ் தைக்காததால் மடித்தது மடித்தபடி கிடக்கும். இன்னும் சில, ஒரு முறை துவைத்ததும் கீழ்க்கரை சுருங்கி அலையலையாக நின்றுவிட்டதால் ஒதுக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் இதில் சேலையின் குற்றம் ஒன்றுமில்லை. தண்ணீரில் நனைத்துக் காயவைக்காமல் தைத்த பருத்தி ஃபால்ஸ் பிறகு துவைக்கையில் தான் சுருங்கி, கரையையும் சேர்த்து இழுத்திருக்கிறது. அதைப் பிரித்தெடுத்து, நனைத்துத் தேய்த்த புது ஃபால்ஸ் ஒன்றை வைத்துத் தைத்தால், ஐந்தரை மீட்டர் சேலை மீண்டும் உங்களுடையதாகிவிடும். உள்பாவாடையையும் மறந்துவிடாதீர்கள். நழுவுகிற சாட்டின் பாவாடையின் மேல் எவ்வளவு ஒழுங்காகக் கொசுவம் வைத்தாலும், பேருந்து வழியில் ரெட்டிச்சாவடி வருவதற்குள் அது கலைந்துவிடும். வெள்ளையிலும் கறுப்பிலும் இரண்டு நல்ல பருத்திப் பாவாடைகள் போதும்.

அடுத்து உங்கள் பயணம். கடலூரிலிருந்து புதுச்சேரி இருபது கிலோமீட்டர் சொச்சம்தான் என்றாலும், காலை நேரத்துக் கூட்டத்தில் நின்றுகொண்டு போவதென்றால் அதுவே ஒரு பிரயாணம். கடலோரக் காற்றில் எப்போதும் ஈரம் இருக்கிறது. சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8 விழுக்காடு வரை ஈரத்தை உள்வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை விழுக்காடுகூட வாங்காது. அதனால்தான் கைப்பேசியில் மேகம்போல் மிதந்த அந்த ஜார்ஜெட், கன்னியக்கோயில் தாண்டுவதற்குள் முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. ஆயிரக்கணக்கில் விலை போட்டாலும் பாலியஸ்டர் ஜார்ஜெட்டின் குணம் அதுதான். அவற்றைத் தை மாதத்து மாலை வரவேற்புகளுக்கு என்று தனியாக எடுத்து வையுங்கள். மழைக்காலமான ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு உண்டு: நனைந்த பருத்தி லேசில் உலராது, கஞ்சி போட்டது துவண்டும் போகும் என்பதால், அந்த இரண்டு மாதங்களுக்குப் பருத்தியோடு செயற்கை இழை கலந்த சேலைகள் உதவும்.

கைப்பேசியில் ஒரு நிறமாகவும் நேரில் இன்னொரு நிறமாகவும் இருக்கிறது என்கிறீர்கள். திரை தானே ஒளி வீசுவது; துணி தன் மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புவது. இரண்டும் ஒன்றாக இருக்க வழியில்லை, போதாக்குறைக்கு விற்பவர்கள் படத்தை மெருகேற்றியும் போடுகிறார்கள். கடை விளக்கும் ஏமாற்றக்கூடியதுதான் என்பதால், புதுச்சேரி நேரு வீதியில் எந்த ஜவுளிக்கடைக்குப் போனாலும், எடுத்த சேலையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். அங்கே முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது உங்கள் முகமா, சேலையா? முகம் என்றால் வாங்கலாம். சேலை என்றால், அந்த நிறம் முகத்துக்குப் பக்கத்தில் வராமல் கரையிலோ, கீழே கொசுவத்திலோ வருகிற மாதிரி வேறொன்றைத் தேடலாம். “மாநிறத்துக்கு இது எடுக்காதும்மா” என்று விற்பனையாளர் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அரக்கும் மயில் கழுத்து நிறமும் இலைப்பச்சையும் மாநிறத்திலும் கறுப்பிலும் எவ்வளவு அழகாக அமர்கின்றன என்பதை 27 ஆண்டுகள் என் கடைக் கண்ணாடியில் பார்த்தவள் சொல்கிறேன்.

சுடிதார்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கால்சட்டை வெளுத்து, மேல்சட்டை நன்றாக இருப்பவையே உங்கள் இருபதில் பலவாக இருக்கும். கறுப்பிலும் வெண்மஞ்சளிலும் தனியாக இரண்டு கால்சட்டைகள் வாங்கினால் பெரும்பாலானவை உயிர்பெற்றுவிடும்.

பட்டுச் சேலைகள் இருந்தால் அவற்றுக்குக் கடற்காற்றுதான் எதிரி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறிய பிறகு, மழைநீர் புகுந்த பீரோக்களிலிருந்து கல்யாணச் சேலைகளை எடுத்துக்கொண்டு எத்தனையோ பேர் என் கடைப்படி ஏறினார்கள். பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் அடைபட்டுப் பூஞ்சை பூத்தவைதாம் மோசமாகக் கெட்டிருந்தன. நல்ல சரிகையில் வெள்ளி இருப்பதால் காற்றுபட்டு நாளடைவில் அது கறுக்கும். துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்து, நாலைந்து மாதங்களுக்கு ஒரு முறை நிழலில் ஆறவிட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். அந்துருண்டை சரிகையின் மேல் படவே கூடாது. பீரோவை வெளிச்சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தால் நாலு விரல் நகர்த்திப் போடுங்கள். பருத்திச் சேலைகளையும் கஞ்சியோடு மாதக்கணக்கில் மடித்து வைக்காதீர்கள். பூச்சிக்கு அது விருந்து.

இனி உங்கள் ஆயிரம் ரூபாய். முதல் மூன்று மாதங்கள் புதுச் சேலை எதுவும் வாங்காமல், அந்தத் தொகை முழுவதையும் ரவிக்கைக்கும் ஃபால்ஸுக்கும் பாவாடைக்கும் செலவிடுங்கள். இருக்கும் ஐம்பதில் பதினைந்து சேலைகளாவது வெளியே வந்துவிடும் என்று நம்புகிறேன். அதற்குப் பிறகு ஒரு சேலை எடுக்கும்போது, இந்த நான்கு ரவிக்கைகளில் எதனோடாவது சேருமா என்று மட்டும் கேளுங்கள். விலையைக் கடைச் சீட்டில் பார்க்காமல் கொடியில் கணக்கிடவும் பழகுங்கள்: ஆறாயிரம் கொடுத்து இரண்டு முறை உடுத்தியதற்கு ஒரு முறைக்கு 3,000 ரூபாய் ஆகிறது, தொள்ளாயிரத்துக்கு வாங்கி அறுபது முறை உடுத்தியதற்கு 15 ரூபாய்தான். எனக்குத் தெரிந்து கணக்குப் பிரிவில் இருப்பவர்களே இந்தக் கணக்கைப் போடுவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சுபவற்றைத் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் கிழிசலையும் கறையையும் கொடுக்காதீர்கள். நைந்த பருத்திச் சேலைகளை மெத்தை விரிப்பாகத் தைத்துக்கொள்ளலாம். இற்றுப்போன பழைய பட்டை, தெருவில் கூவி வருபவரிடம் பாத்திரத்துக்குப் போடும் முன், அதில் இருப்பது வெள்ளிச் சரிகையா என்று தெரிந்தவரிடம் காட்டுங்கள். வெள்ளியாக இருந்தால் அதற்குத் தனி விலை உண்டு.

ஒன்றே ஒன்று, தையலகத்துக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆவணிக்குள் ரவிக்கைகளைக் கொடுத்துவிடுங்கள். புரட்டாசி பாதி போய்விட்டால் தீபாவளித் துணி மலைபோல் குவிந்துவிடும். அப்புறம் பழைய ரவிக்கையைப் பிரித்துக் கொடுக்க, நான் உட்பட, எந்தத் தையற்காரரும் உட்காரமாட்டோம்.