"மாசம் எவ்வளவு கட்டுவீங்க, மேடம்?"

கேள்வி: முதல்முறையாகக் கார் வாங்குகிறேன். ஷோரூமில் உட்கார்ந்ததுமே, "மாசம் எவ்வளவு கட்டுவீங்க, மேடம்?" என்று கேட்டார்கள். சொன்னேன். அதற்குள் அடங்குகிற மாதிரியே தவணை போட்டு, விலையில் தள்ளுபடியும் கொடுத்தார்கள். முன்பணமும் கட்டிவிட்டேன். பழைய ஸ்கூட்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கப் போகிறேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், இதே காரை வேறு டீலரிடம் எடுத்த என் சித்தி மகன் கொடுத்ததைவிட மொத்தத் தொகை கூடுதலாக இருக்கிறது. "இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் இந்த ஆஃபர்" என்று வேறு போன் வருகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இன்னும் இல்லை, சகோதரி. மீதிப் பணம் உங்களிடம்தானே இருக்கிறது? நீங்கள் அனுப்பிய கொட்டேஷனின் படத்தை வரி வரியாகப் பார்த்தேன். அதற்கு வருமுன் அந்த முதல் கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று நீங்கள் சொன்ன அந்த நொடியே, காரின் விலை பேச்சிலிருந்து கழன்று போய்விட்டது. அதற்கப்புறம் விற்பனையாளருக்கு ஒரே வேலைதான்: உங்கள் தொகைக்குள் தவணையை அடக்கிக் காட்டுவது. விலையைக் குறைத்தும் அடக்கலாம், வருடத்தைக் கூட்டியும் அடக்கலாம். அவருக்கு எது லாபம் என்று நான் சொல்ல வேண்டுமா?

ஒரு லட்சம் கடன், வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 வருடத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 2,076. 7 வருடம் என்றால் 1,609. கேட்பதற்கு எவ்வளவு இதமாக இருக்கிறது! ஆனால் முதல் கணக்கில் நீங்கள் கட்டும் வட்டி சுமார் 24,500. இரண்டாவதில் 35,000க்கும் மேல். உங்களுக்குப் போட்டுக் கொடுத்திருப்பது 7 வருடக் கணக்கு. நீங்கள் கேட்காமலேயே போட்டிருக்கிறார்கள்.

வட்டி விகிதத்துக்குப் பக்கத்தில் 'ஃப்ளாட்' என்று பொடி எழுத்தில் இருப்பதையும் கவனியுங்கள். நீங்கள் அடைக்க அடைக்கக் குறைகிற பாக்கிக்குப் போடும் வட்டி இல்லை அது. முதல் நாள் வாங்கிய முழுத்தொகைக்கும் கடைசி மாதம் வரை போடுகிற வட்டி. 5 வருடக் கடனில் 7 சதவீத ஃப்ளாட் என்பது, குறையும் பாக்கி முறையில் சொன்னால் பன்னிரண்டரை சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும். ஆகவே ஷோரூமுக்குத் திரும்பப் போகுமுன் உங்கள் சம்பளக் கணக்கு இருக்கிற வங்கியில் கார் கடனுக்கு என்ன வட்டி என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கையில் அந்தக் கடிதம் இருந்தால் ஷோரூமிலும் வட்டி இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். கடன் ஏற்பாடு செய்து கொடுப்பதில் டீலருக்குக் கமிஷன் உண்டு. அதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க அவருக்கு இடமிருக்கும்.

சரி, கொட்டேஷனுக்கு வருவோம். புதுக் காரின் விலையில் மட்டும் டீலருக்குக் கிடைப்பது பெரும்பாலும் மெல்லிய லாபம். கடன், காப்பீடு, கூடுதல் பாகங்கள், பூச்சு வேலை, நீட்டித்த வாரண்டி, பழைய காரை மாற்றுவது என்று பக்கவாட்டில்தான் மீதியைச் சம்பாதிக்கிறார்கள். தப்பென்று சொல்லமாட்டேன், அதுதான் அவர்கள் பிழைப்பு. ஆனால் மேலே கொடுத்த தள்ளுபடி கீழே எந்த வரியில் திரும்பி வருகிறது என்று தேட வேண்டியது நம் வேலை.

உங்கள் தாளில் அரசாங்கத்துக்குப் போகிற வரியும் பதிவுக் கட்டணமும் இருக்கின்றன. அதில் பேரம் இல்லை. தொகை சரியா என்று மட்டும் சரிபாருங்கள். அடுத்து 'கையாளும் கட்டணம்' என்று ஒன்று. எதைக் கையாண்டார்கள்? காரைக் கிடங்கிலிருந்து ஷோரூமுக்குக் கொண்டுவருவது விற்கிறவர் செலவு. அதை எடுக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால், அதே அளவு விலையில் குறைக்கச் சொல்லுங்கள். 'அடிப்பாகப் பூச்சு', 'பெயிண்ட் பாதுகாப்பு' இரண்டையும் அடித்துவிடலாம். இன்றைய கார்களின் உடல் தகட்டுக்குத் தொழிற்சாலையிலேயே துருத்தடுப்பு செய்துதான் அனுப்புகிறார்கள். காப்பீட்டுக்கு வெளியில் இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். கேட்கும்போது கார் திருடுபோனால் தரும் தொகை எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கட்டும். அந்தத் தொகையைக் குறைத்துவிட்டால் பிரீமியமும் தானாகக் குறையும், நாம் மலிவென்று நினைத்துக்கொள்வோம்.

கடைசியில் 'ஆக்சஸரீஸ் கிட்' என்று மொத்தமாக ஒரு தொகை இருக்கிறதே, அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் முதல் காருக்கும் இதே கிட் உண்டு. கால்மிதி, சேறு தடுப்பான், சீட் உறை எல்லாவற்றுக்கும் மறுபேச்சில்லாமல் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து சும்மா இருந்த ஒரு மத்தியானம் பிரோஷரைப் புரட்டினால், நான் வாங்கிய வேரியண்ட்டோடு சேர்ந்தே வரும் பொருள்கள் பட்டியலில் கால்மிதி மூன்றாவதாக நிற்கிறது! அதனால் கிட்டில் என்னென்ன, ஒவ்வொன்றும் என்ன விலை என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பிறகு பிரோஷரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பழைய ஸ்கூட்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். புதுக் காரின் விலை எழுத்தில் வரும்வரை அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். இரண்டையும் ஒன்றாகப் பேசினால், ஸ்கூட்டருக்கு நல்ல விலை கொடுத்த மாதிரி காட்டி, கார் தள்ளுபடியை அமைதியாகக் குறைத்துவிடலாம். உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இனி செய்ய வேண்டியது. அதே மாடல், அதே வேரியண்ட், அதே நிறம் என்று சொல்லி இன்னும் இரண்டு டீலரிடம் கொட்டேஷன் கேளுங்கள். சாவி கைக்கு வரும்வரை மொத்தம் எவ்வளவு, அந்த ஒரு தொகைதான் வேண்டும் என்று சொல்லுங்கள். சித்தி மகனின் ரசீதும் இருந்தால் நல்லது. ஆனால் அவர் எந்த மாதம் வாங்கினார் என்று பாருங்கள், நிறுவனங்கள் சலுகைகளை அடிக்கடி மாற்றும். மாதக் கடைசியில் டீலருக்கு இலக்கு எட்ட வேண்டிய நெருக்கடி இருந்தால் பேரம் கொஞ்சம் எளிது. முன்பணம் கட்டிய ரசீதின் பின்பக்கத்தையும் படியுங்கள். ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்று அங்கேதான் இருக்கும். அது சிறிய தொகை என்றால், அதற்கு பயந்து பெரிய தொகையை விட வேண்டியதில்லை.

விலை படிந்தால், மீதிப் பணம் கட்டி உங்கள் பெயரில் பதிவு செய்யுமுன் காரை நேரில் பார்த்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் போங்கள். டயரின் பக்கச் சுவரில் குனிந்து பார்த்தால் டி.ஓ.டி. என்று தொடங்கும் குறியீடு இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கம் 2324 என்றிருந்தால், அந்த டயர் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து டயரும் பழையதாக இருந்தால், கார் எப்போது தயாரானது என்று காட்டும் ஆவணத்தைக் கேளுங்கள். வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்காக நின்ற காருக்குப் புதுக் கார் விலை கொடுக்க வேண்டாம். பேட்டரியையும் சோதித்துத் தரச் சொல்லி, தள்ளுபடியும் கேளுங்கள்.

சாயங்காலம் முடிகிற ஆஃபரா? போனை எடுக்காமல் விடுங்கள். நாளைக் காலை பத்து மணி வாக்கில் மறுபடி அடிக்கும். அப்போது எடுத்து, "மொத்தம் எவ்வளவு, அதை மட்டும் சொல்லுங்க" என்று கேளுங்கள்.